புற்றுக்குப் போட்ட கூரை

மே 26, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. சீனி வியாதிக்கு மாத்திரை போட்டாயிற்று.

பத்து மணி இருக்கும். பேத்தி அறையின் சீலிங் பலகை கட்டில்மேல் விழுந்தது. நல்லவேளை, பிள்ளை பள்ளிக்கூடத்தில். தலையணை முழுக்க மண், மரத்தூள், வெள்ளை வெள்ளையாய்க் கரையான். கூட்டக் கூட்ட வந்தது.

மகள் மல்லிகா புஞ்சாக் ஆலாமில் இருக்கும் ஆபீஸிலிருந்து பாதியில் வந்துவிட்டாள். கட்டிலைப் பார்த்தாள். சன்னல் வழியாகப் பின்சுவரை ஒட்டியிருக்கும் புற்றைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. பிள்ளை இனி தன்னோடு படுக்கட்டும் என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

மே 27

மழை இல்லை. முட்டி வலி.

யாரிடமும் சொல்லாதது. இங்கேயாவது எழுதுகிறேன்.

போன வருஷம் மல்லிகாவுக்கு வருமான வரியில் கூடுதலாய்ப் பிடித்த பணம் திரும்பி வந்தது. வீட்டுக்கே செலவழிக்க நினைத்தாள். முதலில் கரையான் மருந்து, மிச்சத்தில் பழைய ஒயர்களை மாற்றுவது. நல்ல யோசனைதான். ஆனால் எல்லாவற்றையும் மாப்பிள்ளையோடு பேசி முடித்துவிட்டு, சோறு போடும்போது எனக்குச் சொன்னாள். சொன்னாள். கேட்கவில்லை. இந்த வீட்டுக்கு முன்பணம் கட்டத் தாலிக்கொடியை விற்றவள் நான். ஐந்தாவதோடு நின்றவள், அவளை டிப்ளோமா வரை படிக்க வைத்தவள்.

மறுநாள் காலை, அம்மன் கனவில் வந்தாள், அந்தப் புற்றில் நான் இருக்கிறேன், மருந்து அடிக்காதே என்றாள் என்று சொன்னேன். கனவு ஒன்றும் வரவில்லை. அன்று நன்றாகத் தூங்கினேன்.

யாரும் மறுத்துப் பேசவில்லை. அந்தப் பணத்தில் புற்றுக்கு நான்கு தூண், தகரக் கூரை, சுற்றிலும் மஞ்சள் டைல்ஸ். வெள்ளிக்கிழமை தோறும் எங்கள் வீட்டு வரிசைப் பெண்கள் பால் ஊற்ற வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீடு கட்டுமுன் இதே மண் ரப்பர்த் தோட்டமாக இருந்தபோது பால்மரம் சீவியவள் நான். செத்த வேர் கிடக்கும் இடத்தில் கரையான் இருக்கும் என்று எனக்கா தெரியாது.

மே 29, வியாழன்

கூரை பார்க்க ஆள் வந்தார். மூன்று மரம் உள்ளே வெறும் கூடு. விரல் வைத்தால் உள்ளே போகிறது.

இந்த வருஷ வரிப் பணம் போன வாரம்தான் வந்தது. வீட்டுக் கடனில் கூடுதலாய்க் கட்ட வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை லோரி ஓட்டுவதை நிறுத்துவதற்குள் கடன் முடியட்டும் என்று. இனி அது கூரைக்கு.

மல்லிகா போனில் யாரிடமோ: “டெக்ஸ் காசு அப்படியே போகுதுலா. என்ன பண்றது, சாமி விஷயம். அம்மாவ ஒண்ணும் சொல்ல முடியாது.”



வாங்க வேண்டியது: நெத்திலி, பாண்டான் இலை, பேத்திக்குத் தலையணை.

ஜூன் 1, ஞாயிறு

வெயில். மருந்து அடிக்கிறவர் வந்தார். நம் தமிழ் ஆள். சுவரோரம் துளை போட்டுக்கொண்டே போனவர் மஞ்சளையும் குங்குமத்தையும் பார்த்ததும் சப்பாத்தைக் கழற்றிவிட்டார்.

“இதுல நான் கை வைக்கமாட்டேன். வீட்டுல பெரியவங்க சொல்லணும்.”

கூடு இங்கேதான், இதை விட்டுவிட்டால் புது மரத்தையும் தின்னும் என்றார். மாப்பிள்ளை என் பக்கம் திரும்பி, “அத்தை, உங்களுக்கு மனசில்லன்னா சுவரோட நிறுத்திடலாம்” என்றார். நல்ல மனுஷன். அதுதான் தாங்கவில்லை.

இன்னொரு கனவு சொன்னால் போதும். அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள், வேறு இடம் போகிறாள் என்று. யோசித்துத்தான் வைத்திருந்தேன். மல்லிகா வாசற்படியில் நின்றாள். போன வருஷம் மாதிரியே நம்பத் தயாராய் ஒரு முகம்.

“கனவே வரல மல்லிகா. போன வருஷம் நான் சொன்னது பொய்.”

ஏன் என்றாள்.

“நீ என்னக் கேக்கல.”

படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மருந்துக்காரர் கீழே குனிந்து குழாயைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளைதான், “அடிங்க” என்றார்.

ஜூன் 2

மேகமூட்டம். மல்லிகா பேசவில்லை. என் தட்டை மட்டும் எப்போதும்போல் கழுவி வைத்தாள்.

ஜூன் 4

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது காரிலிருந்து இறங்கித் திரும்பி வந்தாள்.

“அடுத்த வருஷம் காசு வந்தா உங்களக் கேட்டுத்தாம்மா செய்வேன். ஆனா கனவுன்னு மட்டும் சொல்லாதீங்க.”

தலையாட்டினேன். சிரிக்கிறாளா என்று பார்த்தேன். இல்லை.

ஜூன் 6, வெள்ளி

காலையில் தூறல். புற்று இருந்த இடத்தில் இப்போது சிமெண்டு. தகரக் கூரையைக் கழற்றியாயிற்று.

பக்கத்து வீட்டுப் பார்வதி பாலோடு வந்தாள். வாசலிலேயே நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். கனவு வரவில்லை, நானாகச் சொன்னேன், மன்னித்துக்கொள் என்று. சொல்ல முடியும் என்றே நினைக்கவில்லை. சொல்லிவிட்டேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மருந்து அடிச்ச பயத்துல இப்படிப் பேசுறீங்கக்கா. அம்மனுக்குத் தெரியும். எனக்குந் தெரியும்.”

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. பின்பக்கம் போய் சிமெண்டின்மேல் பாலை ஊற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, எனக்கும் சேர்த்து வேண்டியிருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு வாளித் தண்ணீர் விட்டுக் கழுவினேன். எறும்பு வரும்.