குதிகால் புண்

அன்பு மகள் செல்வராணிக்கு,

போனில் சொன்னால் பக்கத்தில் படுத்திருக்கும் உன் அப்பாவுக்குக் கேட்கும். அதனால் எழுதுகிறேன்.

கஞ்சா எண்ணெய் தோல் புற்றுநோயைக் கரைக்கும், எண்ணெய் அனுப்பும்வரை பொறுங்கள் என்று சொல்லி ஐந்து மாதத்துக்கு முன் நீ கனடாவிலிருந்து அனுப்பிய கட்டுரையை நேற்று அப்பாவோடு போய் மதுரை டாக்டரிடம் காட்டினேன்.

"இது எலிக்குப் பண்ணுன சோதனைம்மா. மனுசனுக்குக் கேக்குமான்னு இன்னும் தெரியாது. குதிகால் புண்ணை வெட்டி எடுக்கணும்னு அஞ்சு மாசத்துக்கு முந்தியே சொன்னேனே, ஏன் வரலை?"

புற்று இப்போது அப்பாவின் நுரையீரலுக்குப் போய்விட்டதாம்.

எனக்கு அழுகை வரவில்லை. திரும்பும் வழியில் கோவில்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கத்தரிக்காய் வாங்கினேன். அங்கேதான் அப்பா வாய் திறந்தார்.

"ஏட்டி, பிள்ளைகிட்டச் சொல்லிராத. அவ பேச்சைக் கேட்டுத்தான் காத்திருந்தேன்னு நெனச்சுக்கிடுவா."

சரி என்றேன். ஆனால் என்னால் தனியாக வைத்திருக்க முடியவில்லை.

எண்ணெய் வேண்டாம். நீ வா.

அம்மா