முள் ஆறு இறங்கிய ஞாயிறு

மார்ச் 6, வியாழன்
தம்பி போன் செய்தான். ஞாயிற்றுக்கிழமை கயாக் படகில் துடுப்புப் போட்டுத் தீவுக்குப் போயே தீர வேண்டுமாம். மூன்று வாரமாகக் காற்று கெடுத்துக்கொண்டே இருக்கிறது. ஏழு கிலோமீட்டர்தான். எனக்கும் ஆசை தாங்கவில்லை.

மார்ச் 8, சனி
வானிலை அறிக்கை: நாளை மாலை நான்கு மணிவரை லேசான காற்று. கூடத்துப் பாரோமீட்டர் முள் 1017-இல்; அது மளமளவென்று இறங்கினால்தான் காற்று வரும். நல்ல சகுனம்.

மார்ச் 9, ஞாயிறு
காலை ஆறு: 1013. அறிக்கை மாறவில்லை. வெளியே ஓர் இலைகூட அசையவில்லை.
ஏழு: 1011. ஒரே மணி நேரத்தில் இரண்டு. இது நல்லதற்கில்லை.
தம்பி வாசலில் நிற்கிறான். "முள் எப்படிக்கா?" என்றான்.
"பரவாயில்லடா."
ஏன் அப்படிச் சொன்னேன்? கிளம்புகிறோம்.

மார்ச் 10, திங்கள்
வேலைக்குப் போகவில்லை. உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.
தீவைத் தொட்டுவிட்டுத் திரும்பினோம். பாதி வழியில், பத்தரைக்கே, தெற்கே தண்ணீர் கறுத்தது. ஐந்து நிமிடத்தில் காற்று பக்கவாட்டில் அறைந்தது. தம்பி கவிழ்ந்தான். அவன் கயாக்கைப் பிடித்துக்கொண்டேன்; இரண்டு தடவை ஏற முயன்று விழுந்தான், மூன்றாவதில் ஏறினான். அவன் இடது தோள் அசையவில்லை. அவன் கயாக்கைக் கயிற்றில் கட்டி இழுத்தேன். மூன்று மணி நேரம். கரை அப்படியே நின்றது - நகரவே இல்லை. அவன் அலையை எண்ணிச் சொல்லிக்கொண்டே வந்தான்.
தோள்மூட்டு விலகிவிட்டதாம். டாக்டர் கட்டுப் போட்டிருக்கிறார். அவன் மனைவி எனக்கு நன்றி சொன்னாள். நன்றி! எனக்கு! எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

மார்ச் 11
சொல்லவில்லை.

மார்ச் 14, வெள்ளி
சொல்லிவிட்டேன். அவன் வீட்டுச் சமையலறையில், அவனுக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டே. முள் ஆறு மில்லிபார் இறங்கியிருந்தது, தெரிந்தேதான் மறைத்தேன் என்று.
ஒரு சுளையை மென்று முடித்தான்.
"தெரியும்கா. கேக்குறதுக்கு முன்னாடியே, நீ தண்ணி பாட்டில் எடுக்க உள்ள போனப்போ நானும் முள்ளப் பார்த்துட்டேன்."
"அப்புறம் ஏன்டா என்கிட்ட கேட்ட?"
"நீ சரின்னு சொல்லிட்டா பழி உன்மேலன்னுதான்."
எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுதேன். அவன் மிச்ச ஆரஞ்சைத் தானே ஒற்றைக் கையால் உரிக்கப் பார்த்தான்.

மே 4, ஞாயிறு
தோள் தேறி முதல் நாள். அறிக்கை நன்றாகத்தான் இருக்கிறது. முள் காலையிலிருந்து இரண்டு இறங்கியிருக்கிறது. ஆளுக்கொரு தாளில் போகலாமா வேண்டாமா என்று எழுதி மாற்றிக்கொண்டோம். இரண்டிலும் வேண்டாம். கயாக்குகளைக் காரிலிருந்து இறக்கினோம்.
மாலைவரை காற்றே அடிக்கவில்லை. யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை.