நாற்பத்தாறாவது சீட்டு

செவல்மேடு நகர், மதுரை
3.2.2025

அன்புள்ள உபைதுல்லா பாய்க்கு,

ஆசீர்வாதம் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இருக்கிறேன். போனில் பேசினால் உங்களுக்குக் கேட்பதில்லை என்பதால் கடிதம். இதில் வருபவை:

1. செவல்மேடு முன்பு இருந்த நிலை.
2. வீட்டுமனைச் சங்கம் தோன்றியது.
3. மனைகள் பாரபட்சமின்றிக் குலுக்கலில் பிரிக்கப்பட்டது.
4. இன்றைய நிலை.

நகரின் பொன்விழா மலருக்கு வரலாறு கேட்டிருக்கிறாள், குடியிருப்போர் சங்கச் செயலர் இசைவாணி. முதலில் குடிவந்தவர்களில் மிச்சம் நான் ஒருவன்தானாம். எழுதினேன், சரியா என்று தெரியவில்லை.

அன்று திருமங்கலம் சாலையிலிருந்து இறங்கினால் வெறும் செம்மண் மேடு. மழை பெய்தால் கம்பு, பொய்த்தால் உடைமரம். நம் பள்ளி ஆசிரியர்களும் சில எழுத்தர்களும் சங்கம் வைத்து அதை வாங்கினோம். 1975இல் மனை நாற்பத்திரண்டு, மனு நாற்பத்தாறு. பள்ளி வகுப்பறையில் பிஸ்கட் டின்னில் சீட்டுப் போட்டுக் குலுக்கினோம். பெயர்களை எழுதியவன் நான். நால்வருக்கு விழவில்லை; அதில் நீங்களும் ஒருவர். "சீட்டு விழாதபோதும் முகம் வாடாமல் வாழ்த்திய நண்பர் உபைதுல்லா" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

இன்று பத்தொன்பது தெரு, இரண்டு கல்யாண மண்டபம், ஒரு பெட்ரோல் பங்க். எதிர்வீட்டுக்காரர் பெயர் எனக்குத் தெரியாது. தங்கம் இறந்து ஒரு வருடம் ஆகிறது. வீட்டில் நான் ஒருவன்தான்; காஸ் சிலிண்டர் இப்போது நாலு மாதம் வருகிறது. வேறு விசேஷம் இல்லை.

நீங்கள் கணக்கு வாத்தியார். பிழை இருந்தால் திருத்துங்கள்.

தங்கள்,
ஆசீர்வாதம்


காஜிமார் தெரு, மதுரை
11.2.2025

அன்புள்ள ஆசீர்வாதம் சாருக்கு,

அல்லாஹ் உதவியால் நானும் அஜ்மல் பீவியும் நலம். என் காது மட்டும் ஓய்வு பெற்றுவிட்டது. உங்கள் கையெழுத்து இன்னும் முத்து.

திருத்தச் சொன்னீர்கள். நாற்பத்திரண்டு சீட்டு எடுத்தபின் சங்கத் தலைவர் டின்னை மேசையில் கவிழ்த்தார். நான்கு விழுந்திருக்க வேண்டும். விழுந்தது மூன்று. முன்பெஞ்சில் இருந்து எண்ணினேன். வெளியே வந்ததும், "அதிர்ஷ்டம் இல்ல பாய்" என்றீர்கள். சரி என்றேன்.

உங்கள் கடிதத்தைப் பீவி படித்தாள். "ஏங்க, சீட்டெழுதுனது உங்க தோஸ்துதானே? அம்புட்டுப் பேரையும் அழகா எழுதுனவருக்கு உங்க பேரு மட்டும் எழுத வரலையாக்கும்?" என்று சிரித்தாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்த மேட்டில் முருங்கை வைக்க இடம்கூடப் பார்த்து வைத்திருந்தவள்.

நான் கேட்டதில்லை. நோன்புக் கஞ்சிக்கு வருவீர்கள்; இன்று சொல்வீர்கள் என்று இருப்பேன். சில வருடத்தில் அப்படி இருப்பதும் நின்றுவிட்டது. இதைத் திருத்தச் சொல்லி எனக்கு ஏன் அனுப்பினீர்கள் என்றும் புரியவில்லை.

மலரில் எதை வேண்டுமானாலும் போடுங்கள். அந்த வரியில் என் பெயர் வேண்டாம்.

உபைதுல்லா


செவல்மேடு நகர்
26.2.2025

அன்புள்ள பாய்,

பல முறை எழுதிக் கிழித்தேன். இது போய்ச் சேரட்டும்.

உங்கள் பெயரையும் எழுதினேன். நாற்பத்தாறும் எழுதினேன். டின்னில் போடும்போது தலைவர் குனிந்து, "வாத்தியாரே, அந்த ஒரு சீட்ட மட்டும் ஒதுக்கி வைங்க. பாய் பக்கத்து மனைக்கு வந்துட்டா நாலு பேரு பேசுவாங்க. நமக்கெதுக்கு வம்பு?" என்றார். உங்கள் சீட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் தங்கம் சட்டையைத் துவைத்தாள். பையில் நீலக் கறை. "பேனா கசிஞ்சுருச்சா?" என்றாள். ஆமாம் என்றேன். அதை நம்பியே போய்விட்டாள்.

நடந்ததை அப்படியே எழுதி இசைவாணியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "பொன்விழாவுல இதெல்லாம் எதுக்குய்யா? நல்லத மட்டும் போடுவோமே" என்றாள். தலைவரும் அன்று இவ்வளவு மரியாதையாகத்தான் சொன்னார். இந்த முறை தாளை நான் பையில் வைக்கவில்லை. அவள் மேசையிலேயே விட்டு வந்தேன். இது இல்லாமல் அச்சிட்டால் என் பெயரையும் எடுத்துவிடச் சொன்னேன். போடுவாளா, தெரியாது.

ஞாயிறு நோன்பு தொடங்குகிறதாமே. கஞ்சிக்கு வரலாமா என்று கேட்க வாய் வரவில்லை. பீவியிடம் இதைப் படிக்கக் கொடுங்கள்.

கணக்கு நீங்கள் சொன்னதுதான் சரி. முதல் கடிதத்தில் என் மூன்றாவது குறிப்பு தவறு.

ஆசீர்வாதம்