பெயர் தெரியாத குழந்தை

அருள்புரம்
ஞாயிறு

மரியாதைக்குரிய போட்டோகிராபர் அவர்களுக்கு,

உங்கள் கண்காட்சியைப் பார்த்துவிட்டேன். பெண்டாட்டிக்கு அழைப்பிதழ் வராததால் டிக்கெட் எடுத்துத்தான் பார்த்தேன். ‘பழைய பேஷன் படங்கள்’ என்று வாசலில் பெரிதாகப் போட்டிருக்கிறீர்கள். எல்லாம் பனியன் பெட்டியின் மேல் அச்சடிக்க எடுத்த படங்கள். கம்பெனி முதலாளியின் மச்சான் தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டு ஜட்டியோடு நிற்பது பேஷன் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

குழந்தைப் படத்தின் முன்னால்தான் கூட்டம். பெட்டியில் ஆண் குழந்தை இருந்தால்தான் விற்கும் என்று, நம் மகளின் முடியை ஒட்ட வெட்டிப் பையனாக நிறுத்தினீர்கள். சாம்பிள் பனியன் தொளதொளவென்று இருந்ததால் முதுகுப் பக்கம் ஊக்குப் போட்டு இறுக்கினீர்கள். ஊக்கு குத்தி அவள் அழுதாள். சிரிக்க வைக்கச் சொன்னீர்கள், வைத்தேன்.

அந்தப் படத்துக்குக் கீழே ‘குழந்தையின் பெயர் தெரியவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். கியாசுதீனைக் கட்டிக்கொண்டாள் என்பதற்காகப் பெற்ற மகளின் பெயர் மறந்துபோகிறதென்றால், நீங்கள் உடனே டாக்டரைப் பார்ப்பது நல்லது.

அதைப் படித்து நான் சிரித்ததைப் பார்த்து, அங்கே வேலை செய்யும் பெண் பக்கத்தில் வந்தாள். “இது யாருன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?”

“தெரியும் கண்ணு, எழுதிக்கோ” என்றேன்.

புது அட்டை மாட்டிவிட்டதாக இன்று போன் செய்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டு போய்ப் படியுங்கள்: ‘சித்ராதேவி கியாசுதீன். போட்டோகிராபரின் ஒரே மகள்.’

இப்படிக்கு,
இனி மகள் வீட்டிலேயே இருக்கப்போகும்
உங்கள் மனைவி