அட்டைச்சாமி இன்னும் சாகவில்லை

பதுளை,
ஞாயிறு மாலை.

அன்புள்ள ஜீவராணிக்கு,

வத்தளையில் நீயும் உன் சித்தி வீட்டாரும் நலமாயிருக்க இறைவனை வேண்டுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். மழையும் சுகமாகத்தான் இருக்கிறது, நிற்கிற எண்ணமே இல்லை.

முக்கியமான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அட்டைச்சாமி உயிரோடு இருக்கிறார்.

விடுமுறைக்குத் துணிக்கடை வேலைக்கென்று நீ போனதிலிருந்து, நாம் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டும் கதை விளையாட்டில் உன் துறவி அட்டைச்சாமியை ஆட ஆளில்லை. நேற்று எங்கள் கடை மாடியில் உட்கார்ந்ததுமே நம் கூட்டாளி றில்வான் தொடங்கிவிட்டான். "வராத ஆளுட சாமிய வெச்சிக்கிட்டு என்ன செய்ற? கொள்ளக்காரன் வர்ற பாலத்தில நிப்பாட்டிட்டு நாம தப்பிச்சுப் போவோம்" என்றான். கதையை நடத்துகிற ஹஸீப் நானாவும் தலையாட்டினார். நான் கெஞ்சியதால் அந்தச் சண்டைக்கு மட்டும் சாமியை என்னிடம் தந்தார். தோற்றால் சாமிக்குக் கதையில் இடமில்லை.

எதிரி, உடல் முழுக்க இரும்புக் கவசம் போட்ட கொள்ளைத் தலைவன். சாமிக்கோ ஆயுதமே கிடையாது. குத்தினால் சாமியின் கைதான் உடையும். ஆனால் துறவியின் பலம் முஷ்டியில் மட்டும் இல்லையே. பாய்ந்து வரும் அம்பைக்கூடப் பிடிக்கத் தெரிந்தவர். அடிக்காமலே ஜெயிக்க வழி தேடினேன். காட்சிக்கு அழகாயிருக்கட்டும் என்று ஹஸீப் நானா பாலத்தருகே மரத்தில் பெரிய குளவிக் கூடு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். டவுன்காரர் அல்லவா. தோட்டத்தில் வளர்ந்த யாரும் குளவிக் கூட்டை அழகுக்கு வைக்கமாட்டார்கள்.

கொள்ளையர் எய்த அம்பைச் சாமி பிடித்துக் கூட்டின் மேல் எறிந்தார். பகடை நன்றாகவே விழுந்தது. பிறகு, கொழுந்து பறிக்கும் பெண்களைப் போல நீ அவர் இடுப்பில் கட்டிவிட்ட தடித்த படங்குத் துணியை அவிழ்த்துப் போர்த்திக்கொண்டு குப்புறப் படுத்துவிட்டார். சண்டையில் தூங்குகிற வீரனை இப்போதுதான் பார்ப்பதாக றில்வான் சிரித்தான். குளவி எல்லோரையும் கொட்டும் என்றார் ஹஸீப் நானா. நமுனுகுலைத் தோட்டத்தில் குளவி கலைந்து நான் ஓடப் பார்த்தபோது நீ கையைப் பிடித்து இழுத்துச் சொன்னதை அப்படியே சொன்னேன்: "ஓடாத, படுத்துக்க. ஓடுறவங்களத்தான் தொரத்தும்."

ஹஸீப் நானா பகடையை எடுத்து உருட்டினார். பிறகு குளவிகளைத் தலைவன் பக்கம் திருப்பினார். கவசத்துக்குள் புகுந்த குளவியை எப்படித் தட்டுவது? அவன் இரும்போடு ஆற்றில் குதித்தான்.

ஓடிய இன்னொருவன் றில்வானின் வீரன். சாமி படங்குக்குள்ளிருந்து கையை நீட்டி, அவன் காலைப் பிடித்து உள்ளே இழுத்துப்போட்டார். இரத்தம் குடிக்கும் அட்டையைப் போலப் பிடித்தால் விடாதவர் என்றுதானே நீ அந்தப் பெயர் வைத்தாய்? இன்று காலை றில்வான் என்னிடம், "சாமி இருக்கட்டும். ஆனா ஜீவராணிதான் ஆடணும். நீ ஆடினா அவர் ரொம்பப் பேசுறார்" என்றான்.

வியாழக்கிழமை உன் அம்மாவைச் சந்தையில் கண்டேன். துணிக்கடை முதலாளி உன்னைப் பாடசாலையை விட்டுவிட்டு அங்கேயே வேலைக்கு நிற்கச் சொல்கிறாராம். "அவளே முடிவு பண்ணட்டும்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுபடி பேசியபோது மரக்கறிக் கூடையிலிருந்த கோவாவின் விலையைப் பற்றித்தான் பேசினார். அடுத்த திங்கள் பாடசாலை தொடங்குகிறது. நான் உனக்குப் புத்தி சொல்லப் போவதில்லை. விடுமுறையில் நடக்கும் விசேட வகுப்புகளில் உன் யன்னல் பக்கத்து இடத்தில் யாரையும் உட்கார விடவில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

சனிக்கிழமை நீ வரும்வரை பகடையைத் தொடாமல் இருப்போம். பஸ் எவ்வளவு பிந்தி வந்தாலும் நான் குடையோடு ஸ்டாண்டில் நிற்பேன். இறைவன் உன் பயணத்தை லேசாக்கி வைப்பானாக.

உன் தோழி,
ஷம்ரா