தண்ணிப்புல்லுக்கு அடியில் ஒரு ரோடு

இன்று காலை கொட்டகலையில் பஸ் ஏறிய ஒரு அம்மா, ஈரம் சொட்டும் புல் சாக்கை என் காலடியில் வைத்தார். “மாட்டையும் கூட்டிட்டு வந்திருக்கலாமேம்மா, சீட்டு இருக்கே” என்று கண்டக்டர் சீண்டினான். “அது ஒங்க பஸ்ஸுல வராதாம் தம்பி. ஆட்டம் ஜாஸ்தியாம்” என்றார் அவர். பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாக்கின் வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த தண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கணுவிலும் மயிர் போல வெள்ளை வேர். பச்சை வாசனைக்கு அடியில் சேற்று நாற்றம். தண்ணிப்புல்தான். ஹட்டன் வருவதற்கு முன்பே இறங்கி, மீதி வழியை நடந்துபோனேன். நான் வேலை செய்யும் மருந்துக் கடையின் முதலாளி ஏன் பிந்தினாய் என்று கேட்டார். உன்னைப் பற்றி அவரிடம் என்ன சொல்வது?

நாம் பிறப்பதற்கு முன்பே அணை வந்துவிட்டது. தேயிலைத் தோட்டத்தின் கீழ் லயத்து வீடுகளும் அவற்றுக்குப் போன ரோடும் தண்ணீருக்குள் போயின. யாருக்கோ வெளிச்சம் கிடைத்தது. நம் லயத்துக்கு அந்த வெளிச்சம் வர எவ்வளவு காலம் ஆனது என்று உன் அம்மாவுக்குத்தான் தெரியும். ஆனால் மழை பொய்த்த மாதங்களில் தண்ணீர் கீழே இறங்கும். முதலில் கறுப்புச் சேறு தெரியும். பிறகு, வெயில் ஏற ஏற, நம் ஆட்கள் கல் உடைத்துப் பரப்பிய அந்தப் பழைய ரோடு முதுகு காட்டி எழும்பும். அதில் நடந்தால் அக்கரைக்குப் போய்விடலாம். ரோட்டின் மேலும் ஒரு பூச்சு சேறு இருக்கும் என்பதால் கரையிலேயே செருப்பைக் கழற்றி வைப்போம். எல்லோரும் அப்படித்தான். அந்த மாதங்களில் கரையில் செருப்புகள் கோயில் வாசல் போல வரிசையாகக் கிடக்கும். “சேறு செருப்பக் கேக்கும் புள்ள. அதுக்குக் குடுக்காம வச்சிட்டுப் போயிரணும்” என்பாய்.

அப்போது அந்தச் சேறு வெறுமையாக இருந்தது. வெறுமை என்று நான்தான் சொல்கிறேன். நீ குனிந்து உட்கார்ந்து அரிசி அளவு நத்தைகளையும், நெளியும் புழுக்களையும், குட்டைகளில் மினுங்கும் மீன் குஞ்சுகளையும் காட்டுவாய். குச்சிக்கால் குருவிகள் ஓடி ஓடிக் கொத்தும். கொக்குகள் நிற்கும். பண்டா அண்ணன் முழங்கால் தண்ணீரில் நின்று வலை வீசுவார். சிங்களம் பாதி தமிழ் பாதியாக நம்மைத் திட்டுவார். பிறகு இரண்டு மீனை நம் பக்கம் எறிவார்.

அந்தப் புல்லை யார் கொண்டுவந்தது என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். மாடு வளர்ப்பவர்களுக்கென்று தண்டு தண்டாகக் கொடுத்தார்கள். வெட்ட வெட்ட வரும் என்றார்கள். உண்மைதான், வந்தது. நட நமக்கு எங்கே இடம்? லயத்துக்குப் பின்னால், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில், தேயிலை மலையில் மழைத்தண்ணீர் வடியும் கான் ஓரத்தில். அந்தக் கான் ஓரத்துக்கும் தோட்டம் களைக்கு மருந்தடித்தது. மேல் லயத்தில் ஒரு பசு நுரை தள்ளிச் செத்தது. அதன்பிறகு மருந்து போகட்டும் என்று புல் கட்டைத் தண்ணீரில் அலசாமல் ஒருத்தியும் மாட்டுக்குப் போடவில்லை. பீலியில் தண்ணீர் போதாது. அதனால் எல்லோரும் கட்டைத் தூக்கிக்கொண்டு அணைக் கரைக்குப் போனார்கள். அலசும்போது உடைந்த துண்டுகள் மிதந்து போயின. ஒவ்வொரு துண்டிலும் ஒரு கணு. ஒவ்வொரு கணுவிலும் ஒரு வேர்.

விஷத்துக்குப் பயந்து செய்த சுத்தம் அது. மாட்டைக் காப்பாற்ற நினைத்த பெண்களைக் குற்றம் சொல்பவன் எவனும் என் எதிரே வரட்டும்.

சில வருஷத்தில் சேறு முழுவதும் பச்சையானது. தண்ணீர் ஏறினால் புல்லும் மிதந்து ஏறியது. தண்ணீர் இறங்கினால் பாய் போலப் படிந்தது. மலையிலிருந்து மழை அடித்து வரும் மண்ணையெல்லாம் அது பிடித்து வைத்துக்கொண்டது. குஞ்சு மீன்களின் குட்டைகள் தூர்ந்தன. குருவிகள் ஒருநாள் வட்டமிட்டுப் பார்த்துவிட்டுப் போயின. அவை ஓடுவதற்கு ஈரத் தரை வேண்டும். பாயின் மேல் அவற்றுக்கு என்ன வேலை? பண்டா அண்ணன் வலையைச் சுருட்டிக்கொண்டு அணைச் சுவருக்கு அருகே இடம் மாறினார். போகும்போது உன்னிடம் சொன்னார்: “தங்கச்சி, மேல பாத்தா தரை. கீழ தண்ணி. இதுல கால் வைக்க வேணாம்.”

“எங்க ரோடு எனக்குத் தெரியாதா அண்ணே?” என்று நீ சிரித்தாய்.

உனக்குத் தெரியும். அதுதான் என்னை விடாமல் துரத்துகிறது. தெரியாத ஒருத்தி அங்கே இறங்கியிருக்க மாட்டாள். கரையோரப் புல்லை மற்றவர்கள் வெட்டிவிட்டார்கள். உள்ளே இளம்புல் இருந்தது. ரோடு எங்கே திரும்புகிறது, பழைய சின்னப் பாலம் எங்கே வருகிறது என்று உன் காலுக்கு மனப்பாடம். கத்தியும் சாக்கும் எடுத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தாய்.

பாலத்துக்குப் பக்கத்தில், புல் பாய்க்கு அடியிலிருந்து உன்னை எடுத்தார்கள். கத்தியும் சாக்கும் சேற்றோடு போய்விட்டன. கரையில் மிஞ்சியது செருப்பு மட்டும். ஒன்றோடு ஒன்று ஒட்டி, நேராக வைத்திருந்தது.

அந்தச் செருப்பை வைத்துத்தான் உன்னை இரண்டாம் தடவை கொன்றார்கள். காலைப் பெரட்டில் பேர் கொடுக்க நின்ற வரிசையிலேயே பேச்சு தொடங்கிவிட்டது. “பூண்டுலோயா ஊருப் பொடியன் கட்டிக்கிறேன்னு சொல்லி ஏமாத்திட்டானாம்ல.” “வேலைக்குப் போற புள்ள செருப்பக் கழட்டி வச்சிட்டா போகும்? சாகப் போறவதான் அப்பிடி வைப்பா.” வந்த பொலிஸ்காரரும் சிங்களத்தில் அதையேதான் சொன்னார். தோட்டத்து ஐயாவுக்கும் அதுவே வசதி. பெண்ணின் மனக்குறை என்றால், புல்லைப் பற்றியோ மருந்தைப் பற்றியோ யாரும் கேட்கப் போவதில்லை.

இதெல்லாம் எனக்குப் புதிதில்லை. ஆனால் உன் அம்மா என் கையைப் பிடித்துக் கேட்டார்: “ஒங்கிட்ட ஏதாச்சும் சொன்னாளா மகள்? எங்கிட்டச் சொல்லாமயா போயிட்டா?” உன்னைப் பெற்றவரே நம்பத் தொடங்கிவிட்டார். அவர் அழவில்லை. உன்னோடு கோபித்துக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

மரண விசாரணை அதிகாரி வந்தபோது, அவர் கேட்காமலே நான் பேசினேன். என் சிங்களம் உடைசல்தான். கீழே ரோடு இருக்கிறது, நாங்கள் எல்லோரும் இப்படித்தான் கழற்றி வைத்துவிட்டுப் போவோம் என்றேன். அவர் பச்சைப் புல்வெளியைப் பார்த்தார். “எங்கே ரோடு?” என்றார். நியாயமான கேள்வி. பாட்டன்மார் போட்ட ரோட்டுக்கு எந்த வரைபடத்தில் இடம் இருக்கிறது?

பண்டா அண்ணனைக் கூப்பிட்டு, என் இடுப்பில் கயிற்றைக் கட்டச் சொன்னேன். “பைத்தியமா தங்கச்சி?” என்றார். ஆனால் கட்டினார். மறுமுனையைக் கரை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றித் தானும் பிடித்துக்கொண்டார். என் செருப்பைக் கழற்றினேன். உன்னைப் போலவே ஒட்டி வைத்தேன். அதிகாரியும் பொலிஸ்காரரும் அதைப் பார்த்தார்கள்.

முதல் அடியில் புல் தாங்கியது. அடுத்ததில் கிழிந்தது. குளிர்ந்த சேறு முழங்காலைத் தாண்டி இடுப்புக்கு வந்தது. கரையில் யாரோ கத்தினார்கள். அப்போது என் உள்ளங்காலில் ஒன்று இடித்தது. கல். அதன் பக்கத்தில் இன்னொன்று. நெருக்கி அடுக்கிய கல். அதன் மேலேயே காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தேன். பாலத்தருகில் வலப்பக்கம் ஒரு கால் வைத்தேன். அங்கே ஒன்றும் இல்லை. சேறுகூட இல்லை. தண்ணீர் என் வாய்க்கு வந்தபோது கயிறு என்னை இழுத்தது.

உன் அம்மா கரைக்கே வந்துவிட்டிருந்தார். சேற்றோடு கிடந்த என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

“ரோடு இருக்கா?”

“இருக்கும்மா. அது மேலதான் நடந்திருக்கா.”

அங்கேயே உட்கார்ந்து, உன் பெயரைச் சொல்லி அன்றுதான் அழுதார்.

அதிகாரி விபத்து என்று எழுதினார். தோட்டம் கரையில் ஒரு பலகை நட்டது, உள்ளே போகக் கூடாதென்று. புல் அப்படியே இருக்கிறது. மருந்தடிப்பும் நிற்கவில்லை. பெண்கள் இன்னும் புல் கட்டை அங்கேதான் அலசுகிறார்கள். வேறெங்கே அலசுவார்கள்?

அதிகாரியே விபத்து என்று எழுதிவிட்டால் பேச்சு நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. கல்யாண வீட்டில், பந்தியில், மருந்துக்குச் சீட்டு நீட்டும் கைகளுக்கு நடுவில் யாராவது கேட்கிறார்கள்: “நீ அந்த அணையில குதிச்ச புள்ளைட லயம்தானே?” கையில் எது இருந்தாலும் கீழே வைத்துவிட்டு, அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். முதல் தடவை காதில் விழாதது போல இருந்தால் மறுபடியும் சொல்கிறேன்.

“குதிக்கல. நடந்து போனா.”