எனக்குக் கேட்காத கீச்சு

ஜூன் 3, 2008, செவ்வாய்

குரிட்டிபா நகரில் காலையிலிருந்து தூறல். எமுலேட்டரின் புதிய பதிப்பை இணையத்தில் ஏற்றினேன். தொண்ணூறுகளில் இங்கே வீட்டுக்கு வீடு டிவியோடு ஒட்டிக்கிடந்த கேம் பெட்டிக்கு இப்போது உதிரிபாகம்கூடக் கிடைப்பதில்லை. அது செய்ததையெல்லாம் என் எமுலேட்டர் கணினியைச் செய்ய வைக்கிறது. படம் காட்டும் பகுதியை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். ஒலிதான் என் பெருமை. மனைவி ரோசாஞ்செலா பிரிந்து போன பிறகு இந்த வீட்டில் வேறு சத்தமும் இல்லை.

ஜூன் 5

ரெசிஃபேயிலிருந்து தைனாரா என்றொரு பெண் எங்கள் இணையக் குழுவில் எழுதியிருந்தாள்: "அண்ணே, கார் பந்தய கேம்ல பாட்டு ஆரம்பிச்சதும் ஒரு கீச்சு வருது. பல்லு கூசுது."

ஸ்பீக்கரை மாற்று என்று பதில் போட்டேன்.

"மாத்தி மாத்திக் கேட்டாச்சு அண்ணே. நீங்க காதை மாத்துங்க."

குழுவில் எல்லோரும் சிரித்தார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

யாரோ கதவைத் தட்டினார்கள். கீழ்வீட்டுப் பெண்மணி மார்லெட்டி, ஜூன் குளிருக்கு ஸ்வெட்டருக்கு மேல் ஒரு போர்வை. இந்தக் கட்டடத்தில் யாரும் யார் கதவையும் தட்டுவதில்லை.

"ஏங்க அன்செல்மோ, உள்ள என்னத்தங்க வெச்சிருக்கீங்க? விசில் ஊதுற மாதிரி... என் நாய் கட்டிலுக்கு அடியில போனது, வெளியவே வர மாட்டேங்குது."

"என்ன விசில்?"

"இதோ, இப்பக்கூட வருதே!"

அவர் என் மேசையைக் காட்டினார். கார் பந்தயப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு கேட்டது. விசில் கேட்கவில்லை.

அணைத்துவிடுகிறேன் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

ஜூன் 9

ஒலியை வரைபடமாக்கித் திரையில் பார்த்தேன். உச்சியில், கீச்சொலிகள் வரும் இடத்தில் ஒரு கோடு. நேராக, பளிச்சென்று.

ஹெட்ஃபோனில் சத்தத்தை முழுக்க ஏற்றினேன். ஒன்றுமில்லை. கோடு இருக்கு, சத்தம் இல்ல. எப்பலேருந்து இப்படி? எத்தனை பதிப்பு இந்தக் கீச்சோட வெளிய போச்சு? ஏன் யாருமே எங்கிட்ட — சொன்னாளே. அந்தப் பொண்ணு சொன்னாளே.

ஜூன் 17

காது மருத்துவர்: "மேல் ஸ்தாயி போயிடுச்சு. திரும்ப வராது. ஆனா மனுஷங்க பேசுறது கேக்கும், கவலைப்படாதீங்க."

என்னிடம் யார் பேசுவது?

ஜூன் 18

கணினியைத் திறக்கவில்லை.

ஜூன் 21, சனி

தைனாராவுக்கு எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் சுருக்கமாக: நீ சொன்னது சரி. குறை என் காதில்தான். ஒலிப் பகுதியை நீ எடுத்துக்கொள்கிறாயா?

மாலையில் பதில் வந்தது. "காதை மாத்துங்கன்னு சொன்னதுக்கு மன்னிச்சிருங்க அண்ணே. தெரியாம வாய விட்டுட்டேன். எடுத்துக்கிறேன்." அதற்குக் கீழேயே இன்னொரு வரி: "ஆனா ஒண்ணு, அந்தப் பகுதிய நீங்க எழுதியிருக்குற லட்சணம் இருக்கே, கடவுளே!"

சிரித்துவிட்டேன். வீட்டில் அந்தச் சத்தம் விநோதமாக இருந்தது.

ஜூன் 29, ஞாயிறு

தைனாராவின் திருத்தம் வந்துவிட்டது. சரியா என்று நான் எப்படிப் பார்ப்பது? வரைபடத்தில் கோடு இல்லை. ஆனால் வரைபடத்துக்கா பாட்டு?

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன். அழைப்புமணியை அடிக்குமுன் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். மார்லெட்டி அடுப்பில் பின்யோன் கொட்டை வேகவைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன், காது உட்பட. பரிதாபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இப்ப இல்லைங்க. பாட்டு நல்லாவே இருக்கு."

நாய் சோபாவில் புரண்டு படுத்தது.

"பாருங்க, இவனும் ஒத்துக்கிட்டான்" என்றவர், கொட்டையை உரித்தபடி கேட்டார்: "இத ரெண்டு பேர் சேர்ந்து ஆடலாமா?"

ஆடலாம் என்றேன். இதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

ஜூலை 6, ஞாயிறு

புதிய பதிப்பு வெளியானது. 'ஒலி' என்ற வரியில் தைனாராவின் பெயர். அந்த இடத்தைப் பார்க்க இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

மாலையில் மடிக்கணினியைக் கீழ்வீட்டு டிவியில் இணைத்தோம். இருவர் ஆடும் பகுதியை இத்தனை காலமும் நான் ஒருவனே சோதித்து வந்திருக்கிறேன். இடக்கைக்கு ஒரு கார், வலக்கைக்கு ஒரு கார். எது முந்தினாலும் ஜெயிப்பது நான்தான்.

இன்று தோற்றேன்.